புல் அடைத்த மணி

பெல்த்ராமே என் கடைக்குள் நுழைந்தபோது காபி மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ரிப்பேர் என்று சொன்னேன். ஆவி புஸ்ஸென்று வந்துகொண்டிருந்த மெஷினை அவன் பார்த்தான். என் முகத்தையும் பார்த்தான். அப்புறம் காபி கேட்கவில்லை. தேசிய அணிக்குப் பயிற்சியாளன் என்றால் எனக்கென்ன? என் கடை, என் மெஷின்.

"தர்ச்சீசியோ வீட்டுல ஆள் இருக்காங்களாக்கா?" என்றான் கடைசியில்.

"எதுக்கு? நீவெஸ்ஸை அணியிலேர்ந்து தூக்கி வீசினது பத்தாதா? அவ அப்பனோட மாட்டையும் அவுத்துட்டுப் போகப் போறியா?"

"நல்ல விஷயமாத்தான் வந்திருக்கேன்."

"ஆமாமா, உன் வாயிலேர்ந்து அதுதானே வரும்!"

அவன் போனதும் கடையை அப்படியே போட்டுவிட்டு, ஒரு ரொட்டியை ஏப்ரனில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். ரொட்டி கொடுக்கப் போகிறேனாம். நீவெஸ்ஸின் அம்மா ஒனேலியா வீட்டில் நேற்றைய ரொட்டியே பாதி மிச்சமிருந்தது எனக்குத் தெரியும்.

நீவெஸ் எங்கள் பியானாஸின் பெண். கார்னியா மலைக்குள் கடைசி ஊர் எங்களுடையது, அதற்கப்பால் சாலை கிடையாது. லிஃப்டில் ஏறி மலை உச்சியிலிருந்து சர்ரென்று வழுக்கி இறங்கும் பணக்கார ஸ்கீ எங்கள் பக்கம் இல்லை. மெல்லிய நீளக் கட்டையைக் காலில் மாட்டி, இரண்டு கையிலும் குச்சி ஊன்றி, காட்டுக்குள் மேடும் பள்ளமுமாகச் சொந்த மூச்சில் ஓடுகிற ஸ்கீதான் எங்களுக்குத் தெரிந்தது. அதில் நீவெஸ் பள்ளிக்கூடத்துப் பந்தயத்திலேயே ஜெயித்தாள். பரிசு ஒரு சலாமி, உலர்த்திய பன்றி இறைச்சிச் சரம். அதை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு என் கடை வழியாக நடந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பத்தொன்பது வயதில் சீருடைப் படையில் சேர்ந்தாள். எங்கள் நாட்டில் ஓடுகிற பிள்ளைகளுக்கு அதுதான் வழி. பெயருக்குக் காவலர், சம்பளமும் வரும், வேலை என்னவோ ஓடுவது. இருபத்தைந்தில் உலகப் போட்டியில் நான்கு பெண்களின் தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடி, வெண்கலம் கொண்டுவந்தாள். அன்றைக்கு என் கடையில் குடிக்காமல் இருந்தவர் பாதிரியார் மட்டும்தான், அவரும் பாதிதான். அப்புறம் ஒரு இறக்கத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஒரு பனிக்காலம் முழுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு அப்பாவின் மாட்டுக்கு ஒற்றைக் கையால் புல் போட்டாள். அடுத்த வருடம் மறுபடி அணியில் நின்றாள். குச்சி உடைந்தும் ஓடியிருக்கிறாள், காய்ச்சலோடும் ஓடியிருக்கிறாள், கடைசியாகக்கூட வந்திருக்கிறாள். ஆனால் பாதியில் தடத்தை விட்டு விலகினாள் என்று ஒரு பந்தயம் கிடையாது. மற்றவர்கள் மெடலைச் சொல்வார்கள். தர்ச்சீசியோ இதைத்தான் சொல்லுவார்.

இப்போது அவளுக்கு முப்பத்து மூன்று. போன மாதம் வெளிநாட்டுப் பந்தயத்தில் பனி ஈரமாகிக்கொண்டு வந்தது. கட்டையின் அடியில் வேறு மெழுகு பூசுங்கள் என்று அவள் சொல்லியும் அணிக்காரர்கள் கேட்கவில்லை. மேடு ஏறும்போது பனி கட்டைக்கடியில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டது. சேற்றில் நடப்பவள் மாதிரி நடந்தாள். அப்படியும் முடித்தாள். மறுநாள் பேப்பரில் பெல்த்ராமே சொல்லியிருந்தான், "அவர் கால்களுக்கு வயதாகிவிட்டது" என்று. அடுத்த பந்தயம் எங்கள் பள்ளத்தாக்கில், எங்கள் ஊர் மேட்டில், அவள் வீட்டுக்கு மேலே. அந்தப் பந்தயத்துக்கான அணியில் அவள் பெயர் இல்லை.

நான் உள்ளே போனபோது பெல்த்ராமே உட்காராமல் நின்றுகொண்டிருந்தான். யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஒனேலியா அடுப்பில் சோளமாவுக் களி, எங்கள் பொலெந்தா, கிளறிக்கொண்டிருந்தாள். இலையுதிர் காலத்தில் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவள், கையை மாற்றி மாற்றிக் கிளறினாள். தர்ச்சீசியோ தொழுவத்திலிருந்து அப்படியே வந்து சாணி ஒட்டிய ரப்பர் பூட்ஸோடு மேஜையருகே உட்கார்ந்திருந்தார். நீவெஸ் ஜன்னலோரமாக.

"பந்தயத்துக்கு முன்னாடி ஒருத்தர் தடத்துல ஓடித் தடம் திறக்கணும்," என்றான் பெல்த்ராமே. "அதை நீவெஸ் செய்யணும்னு சங்கத்துல எல்லாரும் ஆசைப்படறாங்க. சொந்த ஊர், சொந்த ஜனம். ஒரு மரியாதையான வழியனுப்பு."

தர்ச்சீசியோ மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"தடம் திறக்கிறதுக்கு எப்பவும் யாரை விடுவீங்க?"

"அது... பக்கத்து கிளப்புப் பசங்க..."

"பசங்க. அதாவது மணமேடையில உட்கார்ந்தவளைக் கூப்பிட்டு வாசல் கூட்டுடின்னு சொல்ல வந்திருக்க."

"ஐயா, அப்படிப் பாக்காதீங்க."

"எப்படிடா பாக்கணும்? நீ சொல்லு! மெழுகைக் கெடுத்தது உன் ஆளு. பழியைப் போட்டது என் பொண்ணு கால்மேல. இப்ப அந்தக் கிழட்டுக் காலாலயே வந்து உனக்குப் பாதை போட்டுக் கொடுக்கணும். வெக்கமா இல்ல உனக்கு?"

"அவங்களுக்கும் வயசுன்னு ஒண்ணு..."

"வெளியே போ! பொலெந்தா கரண்டி சூடா இருக்கு. ஒனேலியா, அதை இப்படிக் கொடு!"

ஒனேலியா கொடுக்கவில்லை. "இருங்க, அவ என்ன சொல்றான்னு கேளுங்க முதல்ல," என்றாள்.

எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம். நீவெஸ் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோசிக்கிறேன்," என்றாள்.

"என்னத்தை யோசிக்கிற?" தர்ச்சீசியோ மேஜையில் அடித்தார். "அவனுங்க கொடுக்கிற சட்டையைப் போட்டுக்கிட்டு நீ ஓடினா, நான் உன் முகத்தைப் பாக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு கீழே படை முகாமுக்கே போய்விட்டாள். தடம் திறக்கப் போக மாட்டாள், அப்பன் பேச்சைத் தட்ட மாட்டாள் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊரே அப்படி நினைத்தது. அவளைக் கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் மேட்டுக்குச் சுவர் என்று பெயர். அவ்வளவு செங்குத்து. எந்தப் பந்தயம் நடந்தாலும் ஊர் முழுக்க அங்கேதான் நிற்கும், ஆளுக்கொரு மாட்டு மணியோடு. எந்த நாட்டுக்காரி ஏறி வந்தாலும் அடிப்போம். முதலில் வருகிறவளுக்கும் அடிப்போம், கடைசியாக அழுதுகொண்டு வருகிறவளுக்கு இன்னும் பலமாக அடிப்போம். அந்தச் சத்தத்தை டிவியில் கேட்டே எங்கள் ஊரைத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

"இந்தத் தடவை ஒரு மணி அடிக்கக் கூடாது," என்றார் தர்ச்சீசியோ. என் கடையில் மொத்த ஊரும் இருந்தது. "ஒருத்திக்கும் கூடாது. டிவிக்காரன் எதுக்காக இங்க கேமரா வைக்கிறான்? நம்ம சத்தத்துக்கு. அது இல்லாம காட்டட்டும். ஏன்டா இந்த ஊரு ஊமையாச்சுன்னு நாலு பேர் கேக்கட்டும்."

"சரிண்ணே," என்றேன் நான்தான் முதலில். எனக்கும் வயிறு எரிந்துகொண்டிருந்தது. "ஆனா நம்ம ஜனத்தை நம்ப முடியாது. ஒருத்தி மூச்சு வாங்கிட்டு ஏறி வந்தா கை சும்மா இருக்காது."

"அதுக்கு வழி இருக்கு," என்றார்.

தொழுவத்திலிருந்து ஒரு கட்டுக் காய்ந்த புல் கொண்டுவந்தார். ஒவ்வொருவர் மணியையும் வாங்கி, நாக்கு அசையாதபடி உள்ளே புல்லை அடைத்து, குச்சியால் இடித்து, வாயைச் சணலால் கட்டினார். முரட்டு விரல்கள், அவ்வளவு வேகம். நானும் கட்டினேன்.

அப்போதுதான் ஒனேலியா வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

எங்கள் ஊரில் மணிக்குள் புல் அடைப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான். கோடை முடிந்து மேய்ச்சல் மலையிலிருந்து மாடுகள் இறங்கும்போது, அந்த வருடம் வீட்டில் சாவு விழுந்திருந்தால் மணிகளை அடைத்துவிட்டுத்தான் ஓட்டி வருவார்கள். தர்ச்சீசியோவின் தம்பி மலையில் பாறை சரிந்து செத்த வருடம் நீவெஸ் ரெண்டாம் வகுப்பு. சித்தப்பா வருகிறாரென்று பாலத்தில் காத்திருந்தாள். மாடுகள் வந்தன, சத்தம் வரவில்லை. யாரும் சொல்வதற்கு முன்னாலேயே பிள்ளை அலற ஆரம்பித்துவிட்டாள்.

"சாவுக்குப் பண்றதை ஏன் பண்றீங்க?" என்றாள் ஒனேலியா. "என் பொண்ணு உயிரோட இருக்கா."

"அவ ஓட்டத்தைக் கொன்னுட்டானுங்கல்ல? அதுக்குத்தான்டி."

"கொன்னவன் வீட்டுல போய்க் கட்டுங்க. என் மணியைத் தொட்டீங்க, தெரியும் சேதி. நான் மேட்டுக்கு வரப் போறதில்ல." என் பக்கம் திரும்பினாள். "உனக்குமா ஜிசெல்லா புத்தி இல்ல?"

எனக்கு அன்று இல்லைதான். போய்விட்டாள்.

பந்தயத்தன்று காலையில் மூடுபனி. பத்தடிக்கு அப்பால் மரமே தெரியவில்லை. மேட்டில் ஊர் முழுக்க நின்றோம், கையில் ஊமை மணி. கீழே மைதானத்தில் ஒலிபெருக்கி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. தர்ச்சீசியோ தன் பெரிய மணியை, மந்தைக்கு முன்னால் போகிற மாட்டுக்குக் கட்டும் மணியை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். எனக்குக் கால் விறைத்துவிட்டது. ஒருவர் கிராப்பா சாராயப் புட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்.

சரக் சரக்கென்று கீழிருந்து சத்தம் வந்தது. ஒரே ஒரு ஆளின் சத்தம். அந்த ஓட்டம் யாருடையதென்று முகம் தெரிவதற்கு முன்பே எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்படி இடுப்பை முன்னால் தள்ளி உதைத்து ஏறுவது அவள் ஒருத்திதான்.

"ஐயோ, அண்ணே, அவ வந்துட்டா!" என்றேன்.

தர்ச்சீசியோ மணியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

பனிக்குள்ளிருந்து நீவெஸ் வெளியே வந்தாள். நெஞ்சில் எண் இல்லாத சட்டை. அவள் முதலில் பார்த்தது லார்ச் மரத்தடியை. அவள் ஓடிய எல்லா வருடமும் ஒனேலியா சுடுதண்ணிப் பிளாஸ்க்கோடு நிற்கிற இடம். அங்கே யாரும் இல்லை. ஊர் முழுக்க நிற்கிறது, ஒரு மணி அடிக்கவில்லை. உதைத்துக்கொண்டிருந்த கால் மெதுவானது. அவள் கண் எங்கள் கைகளுக்கு வந்தது. புல்லைப் பார்த்தாள்.

"யாரு?" என்றாள்.

நான் மணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"யாருப்பா? அம்மா எங்க?"

தர்ச்சீசியோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்க்க மாட்டேன் என்று சொன்னாரே, அந்தக் கோபம்தான். அந்த ஒரு திருப்பல் போதும். அவளுக்கு அது வேறு என்னவாகத் தெரியும்?

"இல்லடி, நீவெஸ், இல்ல..." என்று நான் கத்தியபோது அவள் தடத்தை விட்டு வெளியே குதித்துவிட்டாள். ஆழப் பனியில் வீட்டை நோக்கி நேர்கீழாக விட்டாள். வேலியில் மோதி விழுந்தாள். எழுந்து ஸ்கீயைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள். நான் பின்னாலேயே பாதி தூரம் பின்புறத்தால் சறுக்கிக்கொண்டு போனேன், சிரிக்காதீர்கள், அன்றைக்கு வேறு வழி இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது. ஒனேலியா பார்லி சூப்பில் அவரைக்கொட்டை போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றாள். நீவெஸ் தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு விசில் மாதிரி வந்தது.

"என்னடி ஆச்சு? ஓட்டத்துக்கு நடுவுல ஏன் வந்த?" என்றாள் ஒனேலியா.

மணியைப் பார்த்துவிட்டு அவள் என்ன நினைத்து ஓடிவந்தாளென்று நான்தான் சொன்னேன். ஒனேலியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி. பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. "தடம் திறந்தவர் பாதியில் விலகிவிட்டார். பந்தயம் சிறிது தாமதமாகும்." அறிவிப்பாளன் மைக்கை மூட மறந்துவிட்டான். பின்னாலிருந்து பெல்த்ராமேவின் குரலும் சேர்ந்து வந்தது. "பாத்தீங்களா? நான் சொன்னப்ப யாரும் நம்பல." யாரோ சிரித்தார்கள்.

நீவெஸ் மெதுவாக எழுந்தாள். நெற்றியில் வேலி கீறிய இடத்தில் ரத்தம். துடைக்கவில்லை.

தர்ச்சீசியோ அப்போதுதான் வந்தார். மணி இன்னும் கையில்.

"ஏம்மா நின்ன? நேரா போயிருக்கலாம்ல?" என்றார். அந்த மனுஷனுக்கு அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

"நேரா போறதா?" என்றாள் நீவெஸ். "புல்லடைச்ச மணியைக் கையில வச்சுக்கிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நீங்க நின்னா, அம்மா செத்துட்டான்னு நினைக்காம வேற என்ன நினைப்பேன்? போன மாசம்தானே டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினாரு!"

"எனக்கு அவனுங்க மேலதான் கோபம்..."

"அவனுங்க மேலன்னா அவனுங்க சட்டையைப் பிடிங்க! மைதானம் கீழதானே இருக்கு? ஒருத்தராவது இறங்கிப் போனீங்களா? இல்ல. என் மேட்டுல வந்து நின்னுக்கிட்டு எனக்குத்தானே எழவு மேளம் கொட்டாம கொட்டினீங்க!"

"நீ போக மாட்டேன்னு நினைச்சேன்."

"ஏன் போகக் கூடாது? நான் உங்களைக் கேட்டுத்தான் ஓட ஆரம்பிச்சேனா? அவன் அவமானம் பண்றான்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் போனேன். நாளைக்குப் படையில என்னைச் சமவெளியில ஏதோ ஒரு ஆபீஸ்ல உட்கார வைப்பானுங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை என் மேட்டுல ஏறணும், என் ஜனம் மணியடிக்கணும். அவ்வளவுதாம்பா கேட்டேன். அவன் கொடுத்ததை எடுத்துக்கிட்டேன். நீங்கதான் கொடுக்கல."

தர்ச்சீசியோ ஏதோ சொல்லப் பார்த்தார்.

"பேசாதீங்க. இத்தனை வருஷத்துல நான் பாதியில விட்டதே இல்லன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிவீங்களே? இனிமே சொல்லுங்க பாப்போம்."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒனேலியா ஒரு தட்டில் சூப்பை ஊற்றி மகள் முன்னால் வைத்தாள். அவருக்கு வைக்கவில்லை. எனக்கும் வைக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மேலே பந்தயம் நடந்தது. நான்கு பேரும் சமையலறையில் உட்கார்ந்து, மணிச் சத்தமே இல்லாமல் அது நடந்து முடிவதைக் கேட்டோம். கார்கள் கிளம்புகிற சத்தமும் வந்தது. மூடுபனி விலகி மேட்டில் கொஞ்சம் வெயில் விழுந்தது. நீவெஸ் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வேலியருகே கிடந்த ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பித்தாள். தர்ச்சீசியோ நாய் மாதிரி பின்னாலேயே போனார். ஒனேலியா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டாள்.

லார்ச் மரத்துக்கு எதிரே, அவள் தடத்தை விட்ட அதே இடத்தில், ஸ்கீயை மாட்டினாள். குச்சிகளை ஊன்றினாள். அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தாள்.

"அந்தப் புல்லைப் பிடுங்குங்க."

அவர் சணலை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. பல்லால் கடித்தார். புல்லை விரலால் நோண்டி நோண்டி எடுத்தார். அடைத்தபோது இருந்த வேகம் இப்போது இல்லை.  நான் உதவப் போனேன். "விடுங்க அத்தை, அவரே எடுக்கட்டும்," என்றாள் நீவெஸ்.

கடைசிப் புல்லும் விழுந்ததும் சொன்னாள்: "இப்ப அடிங்க. நான் முடிக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. கை விழுந்தாலும் நிறுத்தக் கூடாது."

தர்ச்சீசியோ அடித்தார். பெரிய மணி, பள்ளத்தாக்கே அதிர்ந்தது. நீவெஸ் ஒரு உதை உதைத்தாள். சுவர்மேல் ஏறினாள், வயதான காலால், ஒரு தடவைகூட வழுக்காமல். உச்சியில் திரும்பிப் பார்க்கவில்லை. காட்டுக்குள் போய்விட்டாள்.

நான் குறுக்குப் பாதையில் மைதானத்துக்கு ஓடினேன். பதாகையெல்லாம் கழற்றியாகிவிட்டது. தடத்தைக் கலைத்துச் சமன் செய்யும் மெஷினில் எங்கள் ஊர் எர்மெஸ் ஏறி உட்கார்ந்துவிட்டான். நான் போய் அதன் முன்னால் நின்றேன்.

"நகருக்கா, வேலை இருக்கு!"

"கியரைத் தொடு, பாக்கலாம். நாளையிலேர்ந்து உனக்குக் காபி கிடையாது, வைன் கிடையாது, கடன் கிடையவே கிடையாது."

எர்மெஸ் இன்ஜினை அணைத்தான். ஸ்கீப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்த பெல்த்ராமே தலையைத் தூக்கினான். "பந்தயம்தான் முடிஞ்சிடுச்சே, இப்ப எதுக்கு மணி?"

"வாயை மூடிட்டு நில்லு," என்றேன்.

நீவெஸ் காட்டிலிருந்து வந்தாள். நேர்த்தடத்தில் இரண்டு கையாலும் குச்சியை இழுத்து இழுத்து, பக்கத்தில் இன்னொருத்தி ஓடுகிற மாதிரி. முடிவுக் கோடு மட்டும் பனியில் சிவப்பாக மிச்சமிருந்தது. ஒற்றைக் காலை நீட்டி அதைத் தாண்டினாள். கொஞ்ச நேரம் குச்சிமேல் குனிந்து மூச்சு வாங்கினாள். பிறகு சட்டையைத் தலைவழியாகக் கழற்றி, பெல்த்ராமேவின் பைமேல் போட்டாள்.

"திறந்தாச்சு," என்றாள்.

அவன் குனிந்து பையின் கயிற்றைக் கட்டினான். ஏதாவது சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

மேலே மணி நிற்கவில்லை. அங்கிருந்து மைதானம் தெரியாது, அவள் முடித்துவிட்டது அவருக்குத் தெரியாது. சத்தம் இப்போது சீராக இல்லை, விட்டு விட்டு வந்தது. கை ஓய்ந்திருக்க வேண்டும்.

"போய்ச் சொல்லட்டுமாடி?" என்றேன்.

நீவெஸ் ஸ்கீயின் அடியைக் கையுறையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடிக்கட்டும்," என்றாள்.